மண்டபம் பொது, அலுமாரி தனி

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மவுண்ட் ஆல்பர்ட்டில் வழக்கம்போல மழை. தேத்தண்ணியோடு இருந்த நேரம் எங்கள் தமிழ் வகுப்பின் பொருளாளர் அக்காவிடமிருந்து அழைப்பு வந்தது.

"தம்பி, எங்கட வெப்சைட்டைத் திறந்தா ஏதோ மாத்திரை விக்கிற கடை வருது. நீங்கள் ஏதும் மாத்தினனீங்களோ?"

நான் ஒன்றையும் மாற்றவில்லை. வார இறுதியில் நடக்கும் சின்னத் தமிழ் வகுப்பு அது. தளத்தில் என்ன இருக்கிறது? நேர அட்டவணை, பொங்கல் விழாப் படங்கள், சோதனைத் திகதிகள், புதிய பிள்ளைகளைச் சேர்ப்பதற்கான படிவம். அவ்வளவுதான். "எங்களிட்ட என்ன இருக்கெண்டு களவெடுக்க வந்தவங்கள்?" என்று அக்கா கேட்டார். அப்போது எனக்கும் அதே எண்ணம்தான்.

பின்னேரம் ஹோஸ்டிங் நிறுவனத்தின் உதவிப் பிரிவிடமிருந்து பதில் வந்தது. எங்கள் பாஸ்வேர்ட் களவு போகவில்லை. எங்கள் தளத்தை யாரும் உடைக்கவும் இல்லை. அதே சேர்வரில் இருந்த வேறொரு வாடிக்கையாளரின் தளம், பல வருடங்களாகப் புதுப்பிக்கப்படாதது, உடைக்கப்பட்டிருக்கிறது. உள்ளே வந்தவர்கள் அங்கிருந்து பக்கத்துக் கணக்குகளுக்குள் நடந்து வந்திருக்கிறார்கள். யாரென்றே தெரியாத அயலவர் வீட்டுக் கதவால் வந்தவன், எங்கள் அறைக்குள் நிற்கிறான். ஏனென்றால் நடுவில் சுவர் இருக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் எனக்குப் பயம் பிடித்தது. தளத்தின் கோப்புறைகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். படங்கள் ஏற்றும் கோப்புறையில், பெற்றோர் இணையம் வழியாக நிரப்பி அனுப்பிய படிவங்கள் மூன்று வருடத்துக்குரியவை அப்படியே கிடந்தன. பிள்ளையின் பெயர், பிறந்த திகதி, வீட்டு விலாசம், பெற்றோரின் தொலைபேசி எண், ஒவ்வாமை விபரம். கடைசியில் ஒரு பெட்டி: "பிள்ளையைக் கூட்டிச் செல்ல அனுமதி இல்லாதவர் யாராவது உண்டா?" சிலர் அதையும் நிரப்பியிருந்தார்கள்.

களவெடுக்க ஒன்றுமில்லை என்று நினைத்த இடத்தில் இருந்தது இதுதான்.

வந்தவர்கள் அந்தப் படிவங்களைப் பார்த்தார்களா, பிரதி எடுத்தார்களா என்று சொல்ல முடியவில்லை. சேர்வரின் பதிவேடு சில நாட்களுக்கு மேல் வைக்கப்படுவதில்லை. நிர்வாகக் குழு கூடியது. மறைப்பதா, சொல்வதா என்று அரை மணித்தியாலம் வாக்குவாதம். சொல்வதென்று முடிவாகி எல்லாப் பெற்றோருக்கும் எழுதினோம். பெரும்பாலானோர் "பரவாயில்லை, இப்ப சரிதானே" என்றார்கள். ஒரு அப்பா மட்டும் அடுத்த வகுப்பு நாளில் நேரே வந்தார். சத்தம் போடவில்லை.

"எங்கட வீட்டு விலாசம் உங்களுக்கு எதுக்கு? வகுப்புக்கு வாறது பிள்ளை. வீடு வாறதில்லையே," என்றார்.

எங்கள் யாரிடமும் பதில் இருக்கவில்லை.

இதை வாசிக்கும் இளையவர்களுக்கு அவருடைய கேள்வி கொஞ்சம் மிகையாகத் தெரியலாம். பெரியவர்களுக்கு அப்படித் தெரியாது. 1983 ஜூலையில் கொழும்பில் கும்பல்கள் தமிழர் வீடுகளைத் தேடி வந்தபோது சிலர் கையில் வாக்காளர் பட்டியல் இருந்தது என்பது திரும்பத் திரும்பப் பதிவான விடயம். வாக்குப் போடுவதற்கென்று எழுதிய பட்டியல் அது. ஒரு தேவைக்கு எழுதிய பெயரும் விலாசமும் இன்னொருவன் கைக்குப் போனால் என்ன நடக்கும் என்பதை எங்கள் சமூகம் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. அப்படிப்பட்ட நாங்கள் இன்று பிள்ளைகளின் விலாசங்களை மாதம் சில டொலர் வாடகையில், முகம் தெரியாத நூற்றுக்கணக்கான பேரோடு பகிரும் கணினியில் போட்டுவிட்டு மறந்துபோகிறோம்.

பகிர்வது பிழையா? இல்லை. பகிர்ந்து வாழ்வது எங்களுக்குப் புதிதில்லை. மவுண்ட் ஆல்பர்ட்டில் நியூ நோர்த் ரோட்டில் இருக்கும் போர் நினைவு மண்டபத்தையோ, உங்கள் ஊரில் இருக்கும் அப்படியான ஒரு மண்டபத்தையோ நினைத்துப் பாருங்கள். காலையில் ஒரு குழு, மத்தியானம் இன்னொரு குழு, இரவில் யாரோ ஒருவரின் பிறந்தநாள். மேடை பொது, கதிரைகள் பொது, குசினியும் பொது. ஆனால் வருகைப் பதிவேட்டையும் காசுப்பெட்டியையும் யாராவது பொதுக் குசினி மேசையில் விட்டுவிட்டு வருவோமா? மண்டபத்தைப் பகிரலாம். அலுமாரியைப் பகிர முடியாது. அலுமாரிக்குத் தனிப் பூட்டு வேண்டும், திறப்பு எங்களிடம் இருக்க வேண்டும்.

பகிர்வு சேர்வர் என்பதும் இப்படி ஒரு மண்டபம்தான். ஒரே கணினியில் நூற்றுக்கணக்கான தளங்கள் குடியிருக்கும். அதனால்தான் வாடகை மலிவு. பெரும்பாலான சேர்வர்களில் ஓடுவது லினக்ஸ். அதில் ஒவ்வொரு கோப்புக்கும் மூன்று வகையினருக்கான அனுமதி எழுதப்பட்டிருக்கும்: சொந்தக்காரருக்கு, அவருடைய குழுவுக்கு, மற்ற எல்லோருக்கும். வாசிக்க 4, எழுத 2, இயக்க 1. மூன்றையும் கூட்டினால் 7. ஒரு கோப்புறைக்கு 777 என்று போட்டால், சொந்தக்காரர், குழு, அந்தக் கணினியில் இருக்கும் மற்ற எல்லோரும் அதில் எதையும் செய்யலாம் என்று பொருள். "படம் ஏறுதில்லை" என்று யாராவது சொன்னால், அவசரத்தில் தளம் செய்பவர்கள் போடும் எண் இதுதான். படம் ஏறும். கதவும் திறந்தபடி இருக்கும்.

777 போடாமல் விட்டால் மட்டும் போதுமா? பழைய முறையில் அமைந்த சேர்வர்களில் அதுவும் போதாது. அங்கே எல்லாத் தளங்களின் நிரல்களையும் வெப் சேர்வர் ஒரே பயனரின் பெயரில் இயக்கும். உங்கள் தளம் வேலை செய்ய வேண்டுமென்றால் அந்தப் பொதுப் பயனருக்கு உங்கள் கோப்புகளை வாசிக்க அனுமதி கொடுக்க வேண்டும். பக்கத்துத் தளத்தின் நிரலும் அதே பயனரின் பெயரில்தான் ஓடுகிறது. ஆகவே அதுவும் வாசிக்கும். மண்டபத்தில் ஆளுக்கொரு அலுமாரி கொடுத்துவிட்டு, எல்லாவற்றுக்கும் ஒரே திறப்பை வெட்டிக் கொடுத்தது போன்ற ஏற்பாடு இது.

இதில் முதலில் போவது அமைப்புக் கோப்பு. வேர்ட்பிரஸ் போன்ற தளங்களில் தரவுத்தளத்தின் பாஸ்வேர்ட் ஒரு கோப்பில் வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கும். அதை ஒருவன் வாசித்துவிட்டால் மற்றக் கோப்புகளைத் தேட வேண்டிய அவசியமே இல்லை. இன்னொரு ஓட்டை தற்காலிகக் கோப்புறை. நீங்கள் தளத்துக்குள் நுழைந்திருக்கிறீர்கள் என்பதற்கான அடையாளச் சீட்டு பல சேர்வர்களில் பொதுவான தற்காலிகக் கோப்புறையில் வைக்கப்படும். அந்தச் சீட்டை அயலவர் எடுக்க முடிந்தால், பாஸ்வேர்ட் தெரியாமலே உங்கள் பெயரில் உள்ளே போகலாம்.

இதற்கெல்லாம் மருந்து இல்லாமல் இல்லை. மருந்துகள் பழையவை. ஒரு நிரலுக்கு முழுக் கணினியையும் காட்டாமல் ஒரு கோப்புறையை மட்டும் உலகமாகக் காட்டும் 'சேஞ்ச் ரூட்' என்ற வசதி 1979இல் யூனிக்ஸின் ஏழாம் பதிப்பிலேயே வந்துவிட்டது. அது பாதுகாப்புக்கென்று செய்யப்பட்டதல்ல, தப்பி வெளியே வர வழிகள் உண்டு. 2000இல் ஃப்ரீபிஎஸ்டி அந்த எண்ணத்தை இறுக்கி 'ஜெயில்' என்று பெயர் வைத்தது. சிறைதான், ஆனால் உள்ளே இருப்பவரைத் தண்டிக்க அல்ல, அயலவரைக் காக்க. அப்பாச்சி வெப் சேர்வர் 1990களின் பிற்பகுதியிலேயே ஒவ்வொருவரின் நிரலையும் அவரவர் பெயரில் இயக்கும் வசதியைத் தந்துவிட்டது. இன்று பிஎச்பி நிரல்களை வாடிக்கையாளருக்கு ஒன்றாகத் தனித்தனி அணிகளாக ஓட விடலாம். கிளவுட்லினக்ஸ் தரும் 'கேஜ்எஃப்எஸ்' என்ற ஏற்பாட்டில் ஒவ்வொரு வாடிக்கையாளரும் தனிக் கூண்டுக்குள் இருப்பார். அதே கணினியில் வேறு யார் இருக்கிறார்கள் என்பதே அவருக்குத் தெரியாது.

ஆகவே சுவர் கட்டத் தெரியாததல்ல பிரச்சினை. சுவர் இருக்கிறதா என்று குடியிருப்பவர் கேட்பதில்லை. கேட்காவிட்டால் வீட்டுக்காரர் ஏன் கட்டப் போகிறார்?

"நாங்கள் சின்ன ஆக்கள், இதெல்லாம் எங்களுக்கெங்க விளங்கப்போகுது" என்று சொல்லித் தப்பவும் முடியாது. பெரிய ஆட்களுக்கே இது விளங்காமல் போன கதைகள் இந்த நாட்டில் இருக்கின்றன.

2012 ஒக்டோபரில் கீத் இங் என்ற ஊடகவியலாளர், வேலை தேடுவோர் பயன்படுத்துவதற்காக வேர்க் அண்ட் இன்கம் அலுவலகங்களில் வைத்திருந்த பொதுக் கணினிகளில் உட்கார்ந்தார். எதையும் உடைக்கவில்லை. சாதாரண அலுவலக மென்பொருளில் 'கோப்பைத் திற' என்ற இடத்தை அழுத்தி, அங்கிருந்து சமூக மேம்பாட்டு அமைச்சின் சேர்வர்களுக்குள் போய்விட்டார். அரச பராமரிப்பில் இருந்த பிள்ளைகளின் பெயர்கள் அடங்கிய பற்றுச்சீட்டுகள் உட்பட ஆயிரக்கணக்கான கோப்புகள் அவருக்குத் தெரிந்தன. அவர் அதை வெளிப்படுத்தியதும் நாடு முழுவதும் அந்தக் கணினிகள் மூடப்பட்டன. தெருவிலிருந்து வருபவர் தொடும் கணினியும் அமைச்சின் உள்வலையும் ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்கப்படாமல் இருந்ததுதான் கோளாறு. வேதனை என்னவென்றால், பாதுகாப்புச் சோதனை செய்த நிறுவனமொன்று 2011இலேயே எச்சரித்திருந்தது. அறிக்கை வந்தது, அலுமாரிக்குள் போனது.

2019 மே மாதம் திறைசேரியின் முறை. வரவு செலவுத் திட்டத்துக்கு இரண்டு நாட்களுக்கு முன், எதிர்க்கட்சியாக இருந்த தேசியக் கட்சி அதன் சில விபரங்களை வெளியிட்டது. தங்கள் தளம் திட்டமிட்டு ஹாக் செய்யப்பட்டதாகத் திறைசேரி சொன்னது. பொலிஸுக்கும் போனது. சட்டவிரோதமாக எதுவும் நடக்கவில்லை என்று பொலிஸ் சொல்லிவிட்டது. நடந்தது இதுதான்: அறிவிக்கும் நாளுக்காகத் தளத்தின் பிரதி ஒன்றைத் தயாரித்து வைத்திருந்தார்கள். பிரதியை வெளியார் திறக்க முடியாது. ஆனால் தளத்தின் தேடல் அட்டவணை பிரதியையும் சேர்த்து எழுதிவிட்டது. தேடுபெட்டியில் சரியான சொல்லைப் போட்டால் பூட்டிய ஆவணத்தின் துண்டுகள் விடையாக வந்தன. கோப்புகளைப் பிரித்தவர்கள் அட்டவணையைப் பிரிக்க மறந்தார்கள். அறையைப் பூட்டிவிட்டு, உள்ளே இருப்பவற்றின் பட்டியலைக் கதவில் ஒட்டியது போல.

அதே ஆண்டு ஓகஸ்டில் கலாசார மரபுரிமை அமைச்சு மன்னிப்புக் கேட்க வேண்டி வந்தது. 'துயியா 250' நினைவு நிகழ்வின் கடற்பயணப் பயிற்சிக்கு விண்ணப்பித்த 302 பேரின் ஆவணங்கள், பெரும்பாலும் இளையவர்களுடையவை, இணையத்தில் எவரும் பார்க்கக்கூடிய நிலையில் இருந்தன. கடவுச்சீட்டு, சாரதி அனுமதிப்பத்திரம், பிறப்புச் சான்றிதழ் என்று 370க்கு மேற்பட்ட ஆவணங்கள். அந்தத் தளத்தை அமைச்சுக்காக வெளியார் செய்து கொடுத்திருந்தார்கள்.

இந்த மூன்றாவது கதையைக் கவனமாகப் பாருங்கள். எங்கள் வகுப்புக்கு நடந்ததோடு மிக நெருங்கியது இதுதான், ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. அயலவருக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு சுவர். தெருவுக்கும் எங்களுக்கும் நடுவில் இன்னொரு சுவர். முதலாவதைக் கட்ட வேண்டியவர் ஹோஸ்டிங் நிறுவனம். இரண்டாவது எங்கள் பொறுப்பு. உலகத்துக்குக் காட்டும் வெப் கோப்புறைக்குள்ளேயே படிவங்களைப் போட்டு வைத்தால், கேஜ்எஃப்எஸ் இருந்தாலும் ஜெயில் இருந்தாலும் முகவரி தெரிந்த எவரும் வாசல் வழியாகவே வந்து எடுத்துப் போகலாம். உண்மையைச் சொன்னால், எங்கள் படிவங்களும் அப்படித்தான் கிடந்தன. அயலவரின் தளம் உடையாமல் இருந்திருந்தாலும் நாங்கள் குற்றவாளிகள்தான்.

சட்டமும் அப்படித்தான் பார்க்கிறது. நியூசிலாந்தின் தனியுரிமைச் சட்டம் 2020, அந்த ஆண்டு டிசம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அது வங்கிக்கும் அமைச்சுக்கும் மட்டுமானதல்ல. கோயில், ஊர்ச் சங்கம், பழைய மாணவர் சங்கம், தமிழ் வகுப்பு எல்லாவற்றுக்கும் பொருந்தும். பாரதூரமான தீங்கு வரக்கூடிய கசிவு என்றால் தனியுரிமை ஆணையாளருக்கும் பாதிக்கப்பட்டவர்களுக்கும் அறிவிக்க வேண்டும். நியாயமான காரணமின்றி ஆணையாளருக்கு அறிவிக்காமல் விட்டால் 10,000 டொலர் வரை தண்டம். தகவலை உங்களுக்காக வேறொரு நிறுவனம் தன் சேர்வரில் வைத்திருந்தாலும் பொறுப்பு உங்களுடையதுதான். "நாங்கள் தொண்டர்கள்" என்பது ஒரு பதிலல்ல. மறைப்பதா சொல்வதா என்று நாங்கள் செலவழித்த அந்த அரை மணித்தியாலம் எவ்வளவு அறியாமை என்று எனக்குப் பிறகுதான் விளங்கியது.

இதில் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. பதிவு செய்யப்பட்ட சங்கங்களுக்கான 2022ஆம் ஆண்டுச் சட்டம், ஒவ்வொரு சங்கமும் உறுப்பினர் பதிவேடு வைத்திருக்க வேண்டும் என்கிறது. 1908ஆம் ஆண்டின் பழைய சட்டத்தின் கீழ் பதிவானவை மறுபதிவு செய்யக் கொடுக்கப்பட்ட கடைசி நாள் 2026 ஏப்ரல் 5. அதற்காகச் சங்கங்கள் பெயர்களையும் தொடர்பு விபரங்களையும் புதிதாகத் திரட்ட வேண்டியிருந்தது. திரட்டியவை எங்கே இருக்கின்றன? செயலாளரின் மடிக்கணினியிலா? தளத்தின் பின்பக்கத்தில், 'பழையது' என்று பெயரிட்ட கோப்புறையிலா? தளத்தைச் செய்து தந்த தம்பி ஆஸ்திரேலியா போய்விட்டார், பாஸ்வேர்ட் அவரிடம்தான் என்ற கதை எத்தனை சங்கங்களில்?

நாங்கள் என்ன செய்தோம் என்று சொல்கிறேன். கணினி படித்தவர்தான் செய்ய வேண்டும் என்றில்லை.

முதலில் ஹோஸ்டிங் நிறுவனத்துக்கு நான்கு கேள்விகள் எழுதினோம். ஒவ்வொரு வாடிக்கையாளரின் நிரலும் அவரவர் பயனர் பெயரில் ஓடுகிறதா? ஒருவரின் கோப்புகளை மற்றவர் பார்க்க முடியாதபடி கூண்டு இருக்கிறதா? தற்காலிகக் கோப்புறை தனித்தனியா? பக்கத்துத் தளம் உடைந்தால் எங்களுக்கு அறிவிப்பீர்களா? வந்த பதில் மழுப்பலாக இருந்தது. இடம் மாறினோம். புதிய இடத்தில் மாதம் சில டொலர் கூட. நிர்வாகக் குழுவில் ஒருவர் முகம் சுளித்தார். பொங்கல் விழாவில் வடைக்குச் செலவழித்ததை அக்கா வாசித்துக் காட்டினார். பிறகு யாரும் பேசவில்லை.

இரண்டாவது, வெப் கோப்புறையில் கிடந்த படிவங்கள் எல்லாவற்றையும் எடுத்தோம். பழைய பிரதிகளையும்தான். தளத்தை மாற்றும்போது "இருக்கட்டும்" என்று யாரோ சுருக்கிப் போட்டுவைத்த ஒரு முழுப் பிரதி, அமைப்புக் கோப்போடும் பாஸ்வேர்ட்டோடும் அதே கோப்புறையில் இரண்டு வருடமாக இருந்தது. அதையும் அழித்தோம். எல்லாப் பாஸ்வேர்ட்டுகளையும் மாற்றினோம். 777 என்று இருந்ததை எல்லாம் தேடிக் குறைத்தோம். அமைப்புக் கோப்பைச் சொந்தக்காரர் மட்டும் வாசிக்கும்படி வைத்தோம்.

மூன்றாவதுதான் முக்கியமானது. படிவத்தை மேசையில் விரித்து வைத்து, ஒவ்வொரு கேள்விக்கும் "இது எதுக்கு?" என்று கேட்டோம். விலாசம் எதற்கு? நாங்கள் ஒருநாளும் யாருக்கும் கடிதம் போட்டதில்லை. பிறந்த திகதி எதற்கு? எந்த வகுப்பில் இருத்துவது என்று அறிய வயது போதும். பெற்றோரின் தொழில் எதற்கு? யாருக்கும் தெரியவில்லை, பழைய படிவத்தில் இருந்தது, அப்படியே வந்துவிட்டது. ஒவ்வாமை விபரமும், யார் கூட்டிச் செல்லக் கூடாது என்பதும் தேவையானவை. ஆனால் அவை இணையத்தில் இருக்கத் தேவையில்லை. ஆசிரியரின் கையில் ஒரு தாளாக, வகுப்பு முடிந்ததும் பூட்டி வைக்கும் அலுமாரியில் இருந்தால் போதும். பிள்ளை வகுப்பை விட்டுப் போனால் தாளைக் கிழித்துவிட வேண்டும்.

பதினான்கு கேள்விகள் ஐந்தாகின. சேர்வரில் எத்தனை சுவர் கட்டினாலும் ஒருநாள் ஏதோவொரு சுவர் விழலாம். எல்லாக் கூண்டுகளும் நிற்பது ஒரே நிலத்தில்தான். நிலமே பிளந்தால் கூண்டால் என்ன பயன்? அந்த நாளில் உள்ளே இல்லாத கோப்பை யாராலும் எடுக்க முடியாது.

இரண்டாம் தலைமுறையில் கணினி படித்த பிள்ளைகள் எங்களிடம் நிறையப் பேர் இருக்கிறார்கள். இதே மவுண்ட் ஆல்பர்ட்டில் யுனிடெக் இருக்கிறது. விழாவுக்கு ஒலிபெருக்கி பிடிக்கவும் ஸ்லைட் போடவும் அவர்களைக் கூப்பிடுகிறோம். ஒரு சனிக்கிழமை பின்னேரம் கூப்பிட்டு, "எங்கட சங்கத்தின்ர கோப்புகள் எங்க இருக்கு, ஆர் ஆர் பாக்கலாம் எண்டு ஒருக்கா பாத்துச் சொல்லுங்கோ" என்று கேளுங்கள். தமிழ் எழுதத் தடுமாறும் பிள்ளை கூட இந்த வேலையைத் தமிழுக்குச் செய்யும் வேலையாக எடுத்துச் செய்யும்.

புதிய படிவத்தை முதலில் அந்த அப்பாவிடம்தான் கொடுத்தோம். நின்றபடியே வாசித்தார். தாளின் பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தார், அங்கே ஏதாவது கேட்கிறோமா என்று. ஒன்றும் இல்லை. பேனா கேட்டு வாங்கி, மகளின் பெயரை எழுதினார்.